உறைந்தவை காத்திருக்கும்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, துறைத் தலைவர்களே, வார்டிலிருந்து சீருடையோடு அப்படியே வந்து பின்சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் செவிலியர்களே, தங்கள் உடம்பின் ஒரு பங்கை எங்கள் தொட்டியில் ஒப்படைத்துவிட்டு நம்பிக்கையோடு காத்திருக்கும் குடும்பத்தாரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் அண்ணி அவர்களே, அண்ணியின் தோளில் கை போட்டபடி என்னை முறைத்துக்கொண்டிருக்கும் அவர் மகளே, என் மருமகளே, உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

வணக்கம் சொல்லிவிட்டேன். ஆனால் இந்தக் கூட்டம் எதற்காக என்று இன்னும் எனக்கு முழுதாக விளங்கவில்லை. நம் உறைநிலைப் பிரிவின் தலைவர், முதுநிலை விஞ்ஞானி, இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் 'மெதுவா சார்', இறந்துவிட்டார். இந்த வாக்கியத்தை வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். வாய் சொல்கிறது, காது ஏற்க மாட்டேன் என்கிறது. நேற்றுகூட ஆய்வகத்துக்குள் நுழையும்போது அவர் அறைக் கதவை வழக்கம்போல் தட்டிவிட்டுத்தான் போனேன்.

நான் அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். ஆய்வகத்துக்குள் அவர் எனக்கு சார். வெளியே வந்தால் அண்ணன். எனக்கு மேடைப் பேச்சு வராது, சண்டைதான் வரும் என்று எல்லோரிடமும் சொல்லுவார். அது உண்மைதான் என்று இன்னும் சற்று நேரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

செய்தியை எனக்குத் தொலைபேசியில் சொன்னது ஒரு செவிலியர். "எந்த சார்?" என்று கேட்டேன். "நம்ம மெதுவா சார்தான் மேடம்" என்றாள். "ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா? அவரு இன்னிக்கு லீவு. வீட்டுல சமையலறைக் குழாயைக் கழட்டிப் போட்டு உக்காந்திருப்பாரு. போய் சரியாப் பாரு" என்று அவளை அதட்டினேன். அதட்டினால் உயிர் திரும்பி வந்துவிடுமா? அவள் அழுதுகொண்டே, "பாத்துட்டுத்தான் மேடம் பேசறேன்" என்றாள். அந்தப் பெண்ணிடம் இந்த மேடையிலிருந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அவர் என்ன வேலை செய்தார்? பலருக்குத் தெரியும், சிலருக்குத் தெரியாது. உயிருள்ள செல்களை உறைய வைத்து, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பாதுகாத்து, வேண்டிய நாளில் உயிரோடு திருப்பிக் கொடுத்தார். ரத்தப் புற்றுநோய்க்குக் கடுமையான மருந்து கொடுக்கும்போது எலும்பு மஜ்ஜை அழிந்துபோகும். அதற்கு முன்பே நோயாளியின் நல்ல செல்களை எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு அவருக்கே திருப்பிச் செலுத்தலாம். மருந்து கொடுத்த பின் அந்த மனிதருக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி, எங்கள் தொட்டிக்குள் இருக்கும் அந்தச் சின்னப் பைதான்.

பனியில் வைத்தால் செல் செத்துப்போகாதா? எல்லாக் குடும்பமும் கேட்கும் கேள்வி இது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து, சினிமாக் கொட்டகையை வைத்துப் பதில் சொல்லுவார்.

"செல்லுக்குள்ள முக்காவாசி தண்ணிதான். குளிர வெச்சா முதல்ல வெளிய இருக்கிற தண்ணிதான் பனியாகும். அப்போ உள்ள இருக்கிற தண்ணி கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரப் பாக்கும். படம் முடிஞ்சா ஜனங்க ஒவ்வொருத்தரா வெளிய வர்ற மாதிரி. நாம அவசரப்பட்டு டபக்குனு குளிர வெச்சா, பாதிக் கூட்டம் உள்ள இருக்கும்போதே ஷட்டரை இறக்கின கதைதான். உள்ள மாட்டின தண்ணி அங்கயே பனியாகிக் குத்திக் கிழிச்சிரும். சரி, ரொம்ப நேரம் இழுத்தடிக்கலாமான்னா அதுவும் ஆகாது. தண்ணியெல்லாம் போயி, உப்பு ஏறி, செல்லு வத்திப்போயிரும். ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு வேகம் இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டு, ஒரு காப்பு மருந்தையும் கலந்து, மெதுவா, மெதுவா இறக்கணும்."

அந்த 'மெதுவா'தான் அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. பெயருக்கு ஏற்ற மனிதர். மாடிப்படியை எண்ணி ஏறுவதுபோல் ஏறுவார். அவர் குடித்த டீயெல்லாம் ஆறிய டீ. பேருந்தைத் துரத்திப் பிடித்ததாக ஒரு சாட்சி கிடையாது. அண்ணி ஒருமுறை என்னிடம் சொன்னார்: "பொண்ணு பாக்க வந்துட்டு, புடிச்சிருக்குன்னு சொல்லவே ஒரு வருஷம் எடுத்துக்கிட்டாரு. எங்கப்பா வேற மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிட்டாரு." அதற்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அவசரப்பட்டிருந்தா உள்ள பனி புடிச்சிருக்கும்" என்றார். அண்ணி, இதைச் சொல்லி இன்று உங்களைச் சிரிக்க வைக்க நினைத்தேன். என்னாலேயே சிரிக்க முடியவில்லை.

ஆனால் உருக்கும்போது அவரைப் பார்த்திருக்கிறீர்களா? அது வேறு ஆள். உறைந்த செல்லை மெல்ல மெல்ல உருகவிட்டால் குட்டிக் குட்டிப் பனித்துகள்கள் ஒன்றுசேர்ந்து பெரிய முள்ளாகிவிடும். அதுவரை காத்த மருந்தே உருகியபின் செல்லுக்கு ஆகாததாகிவிடும். ஆகவே உறைய வைக்கும்போது பொறுமை, உருக்கும்போது ஓட்டம். பையை வெந்நீர்த் தொட்டியில் அலசி எடுத்த மறுகணம் மனிதர் தாழ்வாரத்தில் பறப்பார்.

இயக்குநர் அவர்களே, உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் பொறுப்பேற்ற புதிதில் விருந்தினர்களோடு அந்தத் தாழ்வாரத்தை அடைத்துக்கொண்டு நின்றீர்கள். கையில் பூச்செண்டு வேறு. எதிரே இவர் பையோடு ஓடி வந்தார். "வழி விடுங்க, வழி விடுங்க, பூவெல்லாம் அப்புறம்" என்று உங்களையே சுவரோரம் தள்ளிவிட்டுப் போனார். உங்கள் பெருந்தன்மை, நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. யார் அந்த ஆள் என்று மட்டும் கேட்டீர்கள். "மெதுவா சார்" என்று நான் பதில் சொன்னேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து என்னைத்தான் முறைத்தீர்கள்.

செல்லைச் செலுத்தி முடித்ததும் நோயாளியின் மூச்சில் பூண்டு நெடி அடிக்கும். அது அந்தக் காப்பு மருந்தின் குணம். பெற்றவர்கள் பயந்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவைப்பார். "ரெண்டு நாளைக்குப் புள்ளை பக்கத்துல போனா பூண்டு வாசனை வரும். மூக்கைப் பொத்திக்காதீங்க. பாவம், புள்ளை மனசு நோகும்." ஒரு குழந்தையின் மனசு நோகும் என்று யோசித்த விஞ்ஞானியை நான் வேறு எங்கே போய்த் தேடுவேன்?

அவையோரே, இனி நான் பேசப்போவது இரங்கல் கூட்டத்தில் யாரும் பேசாதது. இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்லப்போகிறேன். சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

எங்கள் தொட்டி அறையில் இரண்டு அலாரங்கள் உண்டு. ஒன்று தொட்டிக்கு. உள்ளே செல்களைக் குளிரில் வைத்திருக்கும் திரவ நைட்ரஜன் குறைந்தால் அலறும், அவருடைய போனிலும் அலறும். மற்றொன்று மனிதருக்கு. அறைக் காற்றில் பிராணவாயு குறைந்தால் ஒலிக்க வேண்டியது. முதல் அலாரம் ஒருமுறை பழுதானபோது அன்று மாலைக்குள் சரிசெய்ய ஆள் வரவழைத்தார். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை முடிந்த பிறகுதான் வீட்டுக்குப் போனார். இரண்டாவது அலாரம் பழசாகி, காரணமில்லாமல் கீச்சுக்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அதற்கு என்ன செய்தார்? காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை அதன் வாயில் ஒட்டிவிட்டார். புதியது கேட்டு எழுதியிருந்தோம். வரும் வரும் என்றார்கள்.

"சார், அது நமக்காக வெச்ச அலாரம் சார்" என்றேன். "நம்ம மூச்சு நமக்குத் தெரியாதா தங்கச்சி? அது கத்தற கத்துல இதோட சத்தம் எனக்குக் கேக்க மாட்டேங்குது" என்று தொட்டியின் அலாரத்தைக் காட்டினார். எங்களில் ஒருவரும் அந்தப் பிளாஸ்திரியைப் பிய்க்கவில்லை.

நம் மூச்சு நமக்குத் தெரியாது. அதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். வருடா வருடம் அவர் நடத்தும் பாதுகாப்பு வகுப்பின் முதல் பாடம் அது. இந்த மண்டபத்தில் நாம் இழுக்கும் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன்தான். நிறமில்லை, மணமில்லை, விஷமுமில்லை. ஆனால் மூடிய அறையில் அது கசிந்து நிறைந்தால் பிராணவாயுவுக்கு இடமில்லாமல் போகும். மூச்சு முட்டாது. இருமல் வராது. ஓரிரு மூச்சில் கால் மடங்கிவிடும். இதைத் தெரிந்தவர், பலருக்குத் தெரியவைத்தவர், அந்த விடுமுறை நாள் காலையில் எதை நினைத்துக்கொண்டு உள்ளே போனார்? செல்களை. செல்களை மட்டும். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. செல்லின் உயிரைப் பற்றியே வாழ்நாள் முழுக்க யோசித்து, அந்த அறையில் உயிருள்ள இன்னொன்றும் நிற்கிறது என்பதை மறந்துபோகிறோம்.

வீட்டில் சமையலறைக் குழாயைக் கழற்றிப் போட்டிருந்தார். போன் அலறியது. அண்ணியிடம், "தண்ணியைத் திறந்துடாத, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பட்டன் கூடச் சரியாகப் போடவில்லை என்கிறார் அண்ணி. இங்கே தொட்டிக்கு நைட்ரஜன் வரும் குழாயின் இணைப்பு விரிசல் விட்டு, தொட்டிக்குள் போக வேண்டியது அறைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. தரையில் வெள்ளைப் புகை தவழ்ந்திருக்கும். அது எங்களுக்குப் பழகிய காட்சி. கதவைத் திறந்தார், போனார். பிளாஸ்திரி ஒட்டிய அலாரம் வாய்க்குள்ளேயே முனகியிருக்கும்.

கண்ணாடி வழியே பார்த்த நம் காவலாளி அண்ணன், "சார், சார்" என்று கூவிக்கொண்டு உள்ளே ஓடினார். அவரும் விழுந்தார். வாசலிலேயே விழுந்ததால் கால் வெளியே இருந்தது. ஓடி வந்தவர்கள் காலைப் பிடித்து இழுத்தார்கள், பிழைத்தார். இப்போது மேல்மாடி வார்டில் படுத்திருக்கிறார். பேசுகிறார், சாப்பிடுகிறார், "சார் எப்படி இருக்காரு?" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்கிறார். இன்னும் யாருக்கும் சொல்ல வாய் வரவில்லை.

எனக்குப் பின்னால் ஒரு பேனர் தொங்குகிறது. 'தன்னுயிர் ஈந்து உயிரணுக்களைக் காத்த தியாகச் செம்மல்' என்று எழுதியிருக்கிறது. நல்ல நோக்கத்தோடுதான் எழுதியிருப்பார்கள். அதைக் கழற்றச் சொன்னேன். அடித்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார்கள். பேனரை மாற்ற முடியாது, சரி. பேச்சை மாற்றலாம் அல்லவா?

அவரைக் கொண்டுபோன அன்று அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவரு போனதுல அந்தத் தொட்டியாச்சும் பொழச்சுதா?" என்று கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஏனென்றால் தீயணைப்புத் துறையினர் அறையைக் காற்றோட்டமாக்கி, குழாயை அடைத்துவிட்டுப் போன பிறகு, தொட்டியில் அளவுக்குச்சியை விட்டுப் பார்த்தவள் நான். திரவம் இருக்கும் உயரம் வரைக்கும் குச்சியில் வெண்பனி படியும். பாதிக்குச்சி வரை படிந்திருந்தது.

அரைத் தொட்டி இருந்தது, அவையோரே. அலாரம் முன்கூட்டியே எச்சரிக்கும், அவ்வளவுதான். அரைத் தொட்டி என்றால் என்ன அர்த்தம்? அன்று யாரும் போக வேண்டியதில்லை. மறுநாளும் போக வேண்டியதில்லை. சாவகாசமாக வீட்டுக் குழாயை மாட்டி முடித்து, கையைக் கழுவி, சாப்பிட்டு, குட்டித் தூக்கமும் போட்டு எழுந்து வந்திருந்தாலும் ஒரு செல்லுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. அந்தக் குளிரில் செல்லுக்குப் பசி கிடையாது, தாகம் கிடையாது, நேற்று இன்று கிடையாது. இதையும் அவர்தான் எங்களுக்குச் சொன்னார். "உறைஞ்சது அவசரப்படாது தங்கச்சி, வெளிய நிக்கிற நாமதான் அவசரப்படுவோம்" என்பார்.

இதை அண்ணியிடம் எப்படிச் சொல்வேன்? கணவரைப் பறிகொடுத்தவருக்கு மிஞ்சியிருந்தது 'தியாகம்' என்கிற அந்த ஒரு வார்த்தை. அதையும் பறிக்க எனக்கு என்ன உரிமை? வாயை மூடிக்கொண்டிருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று முன்தினம் வரை.

நேற்று முன்தினம் தொட்டிக்கு நைட்ரஜன் ஊற்ற வேண்டியிருந்தது. புது அலாரம் இன்னும் மாட்டவில்லை. ஆள் மதியம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் போனபோது என் மருமகள் தொட்டி அறை வாசலில் நின்றுகொண்டிருக்கிறாள். இந்த வருடம்தான் எங்கள் பிரிவில் சேர்ந்தவள், அப்பா மாதிரியே கெட்டிக்காரி. கையில் அப்பாவின் கையுறை. அவளுக்கு அது தொளதொளவென்று கிடக்கிறது.

"கொஞ்சம் பொறுடி, அலாரம் மாட்டட்டும்" என்றேன்.

"தள்ளுங்க அத்தை. அப்பா உயிரைக் குடுத்துக் காப்பாத்தின தொட்டி இது. நான் ஊத்தறேன்."

"அலாரம் இல்லாம உள்ள போகக் கூடாது."

"அப்பா அலாரத்தைப் பாத்துட்டா போனாரு?"

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். அவள் திமிறினாள். இரண்டு பேரும் தாழ்வாரத்தில் சின்னப் பிள்ளைகள்போல் மல்லுக்கு நின்றோம். அவள் கையில் இன்னும் என் நகக்கீறல் இருக்கிறது. அதற்காகத்தான் அங்கிருந்து முறைக்கிறாள். முறைக்கட்டும். இந்தப் பேனரில் உள்ள வார்த்தை இந்தப் பெண்ணை எங்கே இழுத்துக்கொண்டு போகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இன்று இங்கே வரும்போது காரில் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரைத் தொட்டி இருந்ததைச் சொன்னேன். வாசலில் நடந்ததைச் சொன்னேன். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கார் நின்ற பிறகு இறங்காமல் உட்கார்ந்தபடியே சொன்னார்:

"அப்போ சும்மாத்தான் செத்தாரா?"

இந்த முறையும் நான் தலையைத்தான் ஆட்டினேன்.

"சரி. இதை மேடையில சொல்லு. எல்லாரும் இருக்கும்போது சொல்லு. நாலு பேரு தியாகம் தியாகம்னு சொல்லிச் சொல்லியே இவளையும் உள்ள அனுப்பிருவாங்க. எனக்குத் தியாகி வேணாம். எம் பொண்ணு வேணும்."

அண்ணி, சொல்லிவிட்டேன்.

மருமகளே, இப்போது உனக்குச் சொல்கிறேன். உன் அப்பா தியாகம் செய்யவில்லை. உன் அப்பா அவசரப்பட்டார். வாழ்நாளில் எதற்கும் அவசரப்படாத மனிதர், பொறுமையே பேராகப் பெற்ற மனிதர், ஒரே ஒரு காலையில் அவசரப்பட்டார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வருகிறது. அவர் இங்கே இருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அவர் பெரிய மனிதர் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் கையால் உறைந்து, அவர் கையால் உருகி, இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். அவர் எத்தனையோ உயிரைக் காத்தார். அவை எல்லாம் அவர் மெதுவாக இருந்த நாட்களில் காத்தவை. அந்தக் கடைசிக் காலையில் அவர் எதையும் காக்கவில்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

குடும்பத்தாரே, உங்களுடைய செல்கள் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் தலைவரின் வேலையை நாங்கள் தொடர்வோம். அவர் சொன்ன வேகத்தில் உறைய வைப்போம், அவர் ஓடிய வேகத்தில் உங்கள் பிள்ளைகளிடம் ஓடி வருவோம். ஆனால் இன்னொன்றையும் இந்த அவையில் அறிவிக்கிறேன். வாசலில் இன்னொருவர் காவல் நிற்காமல் அந்த அறைக்குள் இனி ஒருவரும் போகமாட்டார். காற்று சரியில்லை என்று அலாரம் சொன்னால், தொட்டி எவ்வளவு அலறினாலும் நாங்கள் உள்ளே போகமாட்டோம். தொட்டி காத்திருக்கும். காத்திருக்க முடியாத நிலை வந்தால், அது போகட்டும். உங்கள் பிள்ளையின் பை அதற்குள் இருந்தாலும் போகட்டும். இதைக் கேட்பது உங்களுக்குக் கஷ்டம். சொல்வது எனக்கும் கஷ்டம். இதற்குச் சம்மதமில்லாதவர்கள் யாராவது இருந்தால் எழுந்து சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

யாரும் எழவில்லை. உங்களைக் கும்பிடுகிறேன்.

புது அலாரம் மாட்டியாகிவிட்டது. ஒரு மதியம் பிடித்தது, அவ்வளவுதான். நேற்று முன்தினம் ஊற்றியது போதவில்லை, இந்தக் கூட்டம் முடிந்ததும் மறுபடி ஊற்ற வேண்டும். மருமகளே, நீயும் நானும் போகிறோம். நான் உள்ளே, நீ வாசலில். கதவு திறந்திருக்கும், காற்றாடி ஓடும். நீ என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நான் பதில் சொல்லிக்கொண்டே ஊற்றுவேன். நான் பதில் சொல்லவில்லை என்றால் மணியை அடி, ஆள் கூப்பிடு, தொண்டை கிழியக் கத்து. ஆனால் நீ உள்ளே வரக் கூடாது. நான் உன் கண் எதிரே விழுந்து கிடந்தாலும் வரக் கூடாது. இந்த வாக்கைக் கொடுக்காமல் நீ அந்த வாசலில் நிற்க முடியாது, நானும் இந்த மேடையைவிட்டு இறங்கப் போவதில்லை.

எழுந்து நின்று சொல்லு. சத்தமாகச் சொல்லு, உன் அம்மாவுக்குக் கேட்க வேண்டும்.